கண்ணை மூடுவது வேறு, இருட்டு வேறு: இ.இ.ஜி அறையில் வெளிச்சம் செய்யும் வேலைகள்

"லைட்டை அணைச்சதும் ஆல்ஃபா நல்லா வருது சார்." தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி அறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பாதி நேரம் தவறான வாக்கியமும் கூட. ஆல்ஃபா என்ற மூளை அலை எழுந்தது விளக்கு அணைந்ததால் அல்ல, அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணையும் மூடிக்கொண்டதால். இன்னும் பத்து நிமிடம் போனால் அதே ஆல்ஃபா துண்டு துண்டாக உடைந்து மறையும். அப்போது "இருட்டில் ஆல்ஃபா குறைகிறது" என்று எழுதிவிடுவார்கள். அதற்கும் காரணம் இருட்டு அல்ல, தூக்கம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கண் பழகுவது மூளை அலைகளை எப்படி மாற்றுகிறது என்று அளக்க வருகிறவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்தக் கலவையைத்தான்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதல் பதிவை எடுத்து 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடினால் பிடரிப் பக்கத்தில் விநாடிக்குச் சுமார் 10 முறை எழும் அலை, அதாவது ஆல்ஃபா, திறந்தால் அடங்குவதை அவரே கண்டார். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை உறுதிசெய்தார்கள். அவர்கள் பார்த்த இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். கண் திறந்தே இருந்தாலும், எதிரில் உருவம் எதுவும் இல்லாத சீரான பரப்பு மட்டும் இருந்தால் ஆல்ஃபா திரும்பி வரக்கூடும். ஆகவே ஆல்ஃபாவை அடக்குவது கண்ணில் விழும் ஒளியின் அளவு மட்டும் அல்ல, பார்க்கிற வேலையும்தான். கும்மிருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பவருக்கு ஆல்ஃபா ஓடும். அதே இருட்டில் "அங்கே ஏதோ தெரிகிறதா?" என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அடங்கும். ஒரே வெளிச்ச அளவில் இரண்டு வேறு பதிவுகள்.

இதனால் இருட்டில் கொடுக்கும் அறிவுரையின் சொற்கள் கூட முடிவை மாற்றும். "கண்ணைத் திறந்து வைங்க" என்று மட்டும் சொன்னால் பாதிப்பேர் எதையாவது தேடுவார்கள். "கண்ணைத் திறந்து நேரா வைங்க, எதையும் தேட வேண்டாம், காதில் வரும் சத்தத்தை மட்டும் கேளுங்க" என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி, எழுதி வைத்த தாளைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகாரங்கள்

விளக்கை அணைத்த கணத்திலிருந்து பல மாற்றங்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன, ஆனால் ஒன்றாக முடிவதில்லை. கண் திறப்பு, மூடலுக்கு ஆல்ஃபா காட்டும் பதில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். கண்பாவை வெளிச்சத்தில் சட்டென்று சுருங்கும், இருட்டில் மெதுவாக விரியும். 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். கண் சமாளிக்கும் வெளிச்ச வேறுபாடு கோடி மடங்கையும் தாண்டும் என்பதால் மிச்ச வேலை முழுவதும் விழித்திரையுடையது.

விழித்திரையில் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கூம்பு செல்கள் 8 முதல் 10 நிமிடத்தில் தம் எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முந்திக்கொள்ளும். அவை முழுக்கத் தயாராக 30 முதல் 40 நிமிடம் ஆகும், ஏனென்றால் வெளிச்சத்தில் வெளுத்துப்போன ரொடாப்சின் நிறமி மறுபடி கூட அவ்வளவு நேரம் வேண்டும். விழித்திரைச் சோதனைகளுக்கான உலகத் தரமுறை 20 நிமிட இருட்டைக் குறைந்தபட்சமாக வைத்திருப்பதும் இதனால்தான். வெளிச்சத்துக்குத் திரும்பப் பழக அதே தரமுறை கேட்பது 10 நிமிடம்.

இதற்கு இணையாக இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. கண்ணின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே எப்போதும் இருக்கும் மின்னழுத்தம் இருட்டில் இறங்கிச் சுமார் 12 நிமிடத்தில் அடிமட்டத்தைத் தொடும். விளக்கைப் போட்டதும் ஏறி 8 நிமிட அளவில் உச்சிக்குப் போகும். நல்ல கண்ணில் உச்சி அடிமட்டத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இதைக் கண் மருத்துவத் துறையினர் மட்டும் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம் என்று இ.இ.ஜி ஆட்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் விலையைப் பின்னால் சொல்கிறோம்.

"இருட்டு: 5 நிமிடம்" என்று ஒரே கட்டமாக எடுத்த பதிவில் இவை எல்லாம் நடுவழியில் இருக்கும். முதல் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் ஒன்றல்ல. அவற்றின் சராசரி எதையும் சொல்லாது.

அறையை உண்மையில் இருட்டாக்குவது

விளக்கை அணைத்ததும் "கும்மிருட்டு" என்று தோன்றுவதை நம்பவே கூடாது, அப்போது உங்கள் கண்ணும் பழகியிருக்காது. நம்பகமான சோதனை ஒன்றுதான். கதவைச் சாத்தி, எல்லாக் கருவிகளையும் ஓடவிட்டு, நோயாளி உட்காரும் நாற்காலியில் நீங்களே 20 நிமிடம் உட்காருங்கள். அதன்பின் எது தெரிகிறதோ அது கசிவு. ஆம்ப்ளிஃபையரின் பச்சை எல்.இ.டி, ஏசியின் வெப்ப எண், புகை உணரியின் சிமிட்டல், கதவின் அடிவிளிம்பு, சாவித்துளை, பதிவு அறைக் கண்ணாடியில் தெரியும் மானிட்டரின் நிழல் என்று அப்போது ஒவ்வொன்றாக முளைக்கும். எல்.இ.டிகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஓர் அடுக்கு போதாது, இரண்டு வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மட்டும் போட்டால் பகலில் நெசவின் இடைவெளியில் ஒளி வரும். உள்ளே அலுமினியத் தாள், அதன்மேல் துணி, ஓரங்களில் 10 சென்டிமீட்டராவது சுவரில் படியும்படி ஒட்டினால் நிற்கும்.

கடையில் கிடைக்கும் விலை குறைந்த லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது 0 காட்டும் அறையில் பழகிய கண்ணுக்கு நாற்காலியின் கால் தெரியும். முழுநிலவின் வெளிச்சமே 0.1 முதல் 0.3 லக்ஸ்தான், அதில் குச்சி செல்கள் தாராளமாக வேலை செய்யும். தவிர லக்ஸ் என்ற அளவே பகல் பார்வைக்கு வகுத்தது. பகல் பார்வையின் கூர்மை 555 நானோமீட்டர் பச்சையில் உச்சம், இருட்டுக்குப் பழகிய பார்வையின் உச்சம் 507-க்கு நகர்ந்துவிடும். மீட்டரில் சமமாகக் காட்டும் ஒரு நீல விளக்கும் சிவப்பு விளக்கும் இருட்டுக்குப் பழகியவருக்குச் சமமே அல்ல. நீலம் பல மடங்கு பளிச்சென்று இருக்கும்.

இருட்டில் எலக்ட்ரோடு கழன்றால் சரிசெய்ய அடர்சிவப்பு எல்.இ.டி விளக்கு, 640 நானோமீட்டருக்கு மேல், மங்கலாக, தரையை நோக்கி. அதைப் பயன்படுத்தினால் அதன்பின் 5 நிமிடம் கூடுதலாக இருட்டில் விட வேண்டும். செல்போன் திரையைச் சிவப்பாக்கிக்கொள்வது அதற்கு ஈடல்ல, அந்தச் சிவப்பில் பச்சையும் கொஞ்சம் கலந்திருக்கும். கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க அகச்சிவப்புக் கேமரா வைப்பவர்கள் அதன் விளக்கு 850 நானோமீட்டரா 940-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும். 850 இருட்டில் மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும், உட்கார்ந்திருப்பவர் அதையே வெறித்துக்கொண்டிருப்பார். ஆல்ஃபா போயிற்று.

வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்க வீட்டு டிம்மர் வேண்டாம். டிம்மர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அது எலக்ட்ரோடு ஒயர்களில் இரைச்சலாக ஏறும், விளக்கும் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண விளக்கே விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. பேட்டரியில் ஓடும் விளக்கை ஒரே அளவில் எரியவிட்டு, முன்னால் சாம்பல் ஃபில்டர் தாள்களை அடுக்குவதே சுத்தமான வழி. 0.3 என்று குறித்த தாள் ஒளியைப் பாதியாக்கும், 1.0 பத்தில் ஒன்றாக்கும், 2.0 நூறில் ஒன்றாக்கும். அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

உட்காருவதற்கு முன்

நண்பகல் வெயிலில் பைக்கில் வந்து இறங்கியவரும், காலையிலிருந்து வார்டில் படுத்திருந்தவரும் இருட்டறைக்குள் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குவதில்லை. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ், அலுவலக அறை 300 முதல் 500. வெயிலில் நிறைய நிறமி வெளுத்துவிடுவதால் பழகும் வளைவே பின்னுக்குத் தள்ளப்படும். எல்லாரையும் ஒரே அறை வெளிச்சத்தில் 30 நிமிடம் உட்காரவைத்துத் தொடங்குவது நல்லது. அன்று கண் டாக்டரிடம் போய் விழித்திரைப் படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். அந்த ஃபிளாஷ் சாதாரணமல்ல.

நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. எலக்ட்ரோடுகளின் இடங்களை வகுக்கும் பத்து-இருபது முறைப்படி எல்லா எலக்ட்ரோடுகளையும் அளந்து, தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடையை 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவர எப்படியும் அரைமணி ஆகும். அந்த அரைமணியும் கண்ணை ஒளி புகாத பேட்ச் போட்டு மூடிவிட்டால், வேலை வெளிச்சத்தில் நடக்கும்போதே கண் இருட்டுக்குப் பழகிவிடும். பேட்சின் மூக்கோரம்தான் கசியும், அங்கே மடித்த பஞ்சு வைக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே டாக்டர்கள் இருட்டறைக்குப் போகுமுன் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்ததும் இதே கணக்குதான். வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் 1916-இல் அதற்கென்றே அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். குச்சி செல்களுக்குச் சிவப்பு அநேகமாக இருட்டு, கூம்பு செல்களால் வழி பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கம் என்கிற திருடன்

இருட்டு, ஏசி, சாய்வு நாற்காலி, "அசையாதீங்க" என்ற உத்தரவு. இவ்வளவும் சேர்ந்தால் 20 நிமிடத்தில் யாரும் தூங்குவார்கள். அரைத்தூக்கத்தில் ஆல்ஃபா முதலில் மெதுவாகும், 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 10 முறை) 9 ஆகும். பிறகு இடையிடையே விட்டுப்போகும், ஆல்ஃபாவைவிட மெதுவான தீட்டா அலை கலக்கும், கண்கள் ஊஞ்சல் போல மெதுவாகப் பக்கவாட்டில் ஆடும். 30 விநாடித் துண்டில் பாதிக்கு மேல் ஆல்ஃபா போய் அந்த இடத்தில் தாழ்ந்த கலப்பு அலை வந்துவிட்டால் தூக்க அளவீட்டு முறைப்படி அது முதல் நிலைத் தூக்கம். அதை எடுத்து "இருட்டுக்குப் பழகியபின் தீட்டா கூடுகிறது" என்று வரைபடம் போட்டவர்கள் நிறைய. விழித்திரைக்கும் அந்தத் தீட்டாவுக்கும் சம்பந்தமே இருக்காது.

இதைப் பிடிக்க எளிய வழி, பக்கவாட்டுக் கண் எலக்ட்ரோடுகளை எப்போதும் வைப்பது. அவை இல்லாமல் இருட்டுப் பதிவு எடுக்கவே கூடாது என்போம். அரை விநாடிக்கு மேல் நீளும் மெதுவான கண் அசைவு தெரிந்த துண்டு எதுவும் கணக்கில் சேரக்கூடாது. அடுத்து, காதில் ஒரே மாதிரி ஒலி கொடுத்து, இடையில் சுருதி மாறும்போது பட்டனை அழுத்தச் சொல்லலாம். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் அந்தக் கட்டம் முடிந்தது. பதிவை 2 நிமிடக் கட்டங்களாக உடைத்து, இடையில் 30 விநாடி பேச்சுக் கொடுப்பது இன்னும் எளிது. பேசும்போது தாடைத் தசையின் இரைச்சல் நிறையும், அந்த 30 விநாடியை வெட்டிவிடலாம். முற்பகல் நேரமே நல்லது. சாப்பாட்டுக்குப் பின் 2 மணி முதல் 4 மணி வரை இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவரைக் கண் திறக்கச் சொன்னால் ஆல்ஃபா அடங்குவதற்குப் பதில் எழும். விழிப்பு ஒரு படி ஏறி, ஆல்ஃபா இருக்கும் நிலைக்கு அவர் திரும்பி வருகிறார், அவ்வளவுதான். புதியவர்கள் எலக்ட்ரோடு மாறிவிட்டதோ, குறித்த குறி தலைகீழோ என்று தேடுவார்கள். கண் திறந்து ஆல்ஃபா எழுந்தால் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கும். எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. கண்ணை மூடிய உடனேயான முதல் விநாடியில் ஆல்ஃபா சற்று வேகமாக ஓடும். ஆல்ஃபாவின் வேகத்தை அங்கே எண்ணினால் 10 ஹெர்ட்ஸ்காரர் 11 ஆகிவிடுவார். இரண்டு விநாடி விட்டு எண்ணுங்கள்.

இமைத்தலின் அளவே மாறுகிறது

இப்போது அந்த 12 நிமிடக் கடிகாரத்துக்கு வருவோம். இமைக்கும்போது நெற்றிப் பக்க எலக்ட்ரோடுகளில் தெரியும் பெரிய மேடு, கண்ணின் அந்த நிலையான மின்னழுத்தத்திலிருந்து வருவது. மின்னழுத்தம் இருட்டில் இறங்கினால் மேடும் தாழும், வெளிச்சத்தில் ஏறினால் மேடும் உயரும். அவர் இமைப்பதில் எந்த மாற்றமும் இல்லாமலே இது நடக்கும்.

பல மென்பொருள்களில் "75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போனால் துண்டைத் தூக்கிப்போடு" என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் 120 மைக்ரோவோல்ட்டாக இருந்த இமைப்பு வரம்பில் மாட்டும். இருட்டின் அடிமட்டத்தில் அது 65 ஆக இறங்கிச் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். விளைவாக, இருட்டுப் பகுதியின் நெற்றிப் பக்க டெல்டா (மிக மெதுவான அலை) இமைப்புகளால் ஊதிப்போகும். வரம்பே வைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்தால் தலைகீழ், இருட்டில் இமைப்பு சிறிதானதால் டெல்டா "குறையும்". இரண்டுமே மூளையின் செய்தி அல்ல. கண் எலக்ட்ரோடை வைத்துக் கழிக்கும் முறைகளும், பாகங்களாகப் பிரித்து நீக்கும் முறைகளும் இதில் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் கண்ணருகேயும் நெற்றியிலும் இமைப்பு ஒரே விகிதத்தில்தான் சுருங்குகிறது. மாட்டிக்கொள்வது நிலையான வரம்புகள்தான்.

இதைக் கையோடு அளந்துகொள்வது கஷ்டமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில், நடுவிலிருந்து இடமும் வலமும் 27 சென்டிமீட்டரில் ஒவ்வொரு மங்கிய சிவப்பு எல்.இ.டி. இரண்டுக்கும் இடையே சுமார் 30 பாகை. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் தலையை அசைக்காமல் இடம், வலம் என்று 10 முறை பார்க்கச் சொல்லி, வெளிக்கண் ஓர எலக்ட்ரோடுகளின் பதிவில் ஒவ்வொரு பார்வைக்கும் எழும் படியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் எல்.இ.டிகளை அணைத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தின் இமைப்பு வரம்பை அந்த உயரத்துக்கு ஏற்பச் சுருக்கியோ கூட்டியோ வைத்தால் போதும். தலையணையில் தலை நிற்காதவர்களிடம் இந்த அளவு ஏமாற்றும், தலையும் சேர்ந்து திரும்பும்போது படியின் உயரம் குறைந்துபோகும்.

ஃபிளாஷ்

இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது தனி விஷயம். வலிப்பு இருப்பவர்களிடமோ, குடும்பத்தில் வலிப்பு வரலாறு இருப்பவர்களிடமோ இதை ஆராய்ச்சி ஆர்வத்தில் செய்யக்கூடாது. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு முன்பின் தெரியாதவர்களுக்கும் வரும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 முறை மாறி மாறி வந்த காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் அருகில் இல்லாமல் இந்தப் பகுதி வேண்டாம்.

வழக்கமான மருத்துவப் பதிவில் அறை முழு இருட்டாக இருக்க வேண்டியதும் இல்லை, மங்கலாக இருந்தால் போதும். விளக்கு மூக்குத்தண்டின் மேல்பகுதியிலிருந்து 30 சென்டிமீட்டரில். ஐரோப்பிய நடைமுறையில் 1, 2, 8, 10, 15, 18, 20, 25, 40, 50, 60 ஹெர்ட்ஸ் என்று ஏறிப் போவார்கள். வலிப்புக்கு அடையாளமான, தலை முழுவதும் பரவிய கூர் அலைகள் வந்த கணத்தில் நிறுத்திவிட்டு மேல் எல்லையிலிருந்து கீழே இறங்கி வருவார்கள். ஆழ்ந்து மூச்சுவிடும் சோதனைக்கும் இதற்கும் நடுவே 3 நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஏதாவது தொடங்குவது போலிருந்தால் கையால் ஒரு கண்ணை முழுக்கப் பொத்துவது தூண்டுதலைக் குறைக்கும். வெறுமனே இமையை மூடச் சொல்வது பாதுகாப்பு அல்ல. இமை சிவப்பை ஊடுருவவிடும், பார்வை முழுவதையும் ஒரே சீரான சிவப்பாக்கிவிடும், மூடும் கணமே சிலருக்கு மோசமான கணம்.

ஃபிளாஷுக்கு ஏற்ப மூளை அலை அதே வேகத்தில் ஓடுவது நல்ல பதிவில் பிடரிப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும். மிக மங்கலான ஒளியை இருட்டுக்குப் பழகியவருக்குக் காட்டினால் சுமார் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் இது கிடைக்காது. குச்சி செல்களால் அதற்கு மேல் சிமிட்டலைப் பிரித்தறிய முடியாது. 20 ஹெர்ட்ஸில் பதில் வந்தால் கூம்பு செல்கள் விழித்துவிட்டன, உங்கள் ஒளி நீங்கள் நினைத்த அளவு மங்கலாக இல்லை என்று பொருள். இதையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். பிரகாசமான ஃபிளாஷ் அடித்துவிட்டால் இருட்டுக்குப் பழகியது கெட்டுப்போகும். எனவே மங்கலானது முதலில், பளிச்சென்றது கடைசியில். அந்த வரிசையை எக்காரணத்துக்கும் மாற்றக்கூடாது.

நெற்றிப் பக்கத்தில் ஃபிளாஷோடு ஒத்து வரும் கூர்முனைகளைக் கண்டு மயங்க வேண்டாம். மூன்று இடங்களிலிருந்து அவை வரலாம். ஃபிளாஷ் அடித்த அதே கணத்தில், துளியும் தாமதமின்றி வந்தால் அது எலக்ட்ரோடின் வேலை. வெள்ளி குளோரைடு ஒளி பட்டால் மாறும் பொருள், ஃபிலிம் சுருளில் பூசிய உப்புகளின் குடும்பம். தடை அதிகமான எலக்ட்ரோடில் இது பெரிதாகத் தெரியும். கறுப்பு டேப்பால் எலக்ட்ரோடை மூடினால் போய்விடும். டேப் போட்டும் போகாமல், கண்ணைப் பொத்தினால் போனால் அது விழித்திரையின் பதில், இருட்டுக்குப் பழகியபின் அது பெரிதாவது இயல்பு. 50, 60 மில்லிவினாடி தாமதத்தில் கூர்மையான தசைத் துடிப்பாக வந்து, கண்ணைத் திறந்தால் மறைவது நெற்றி, இமைத் தசைகளின் துடிப்பு. வலிப்பு அலை என்று எழுதுமுன் இந்த மூன்றையும் வரிசையாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கறுப்பு, வெள்ளைச் சதுரங்கள் இடம் மாறும் திரையை வைத்து எடுக்கும் பார்வை நரம்புச் சோதனையிலும் வெளிச்சக் கணக்கு உண்டு. சுமார் 100 மில்லிவினாடியில் வரும் பெரிய அலை, திரையின் ஒளிர்வு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 முதல் 15 மில்லிவினாடி பிந்தும். நரம்பு நோய் என்று எழுதுவதற்கு அந்தத் தாமதம் தாராளம். இந்தச் சோதனைக்கான தரமுறை கேட்கும் சராசரி ஒளிர்வு சதுர மீட்டருக்கு 50 கேண்டெலா. பழைய மானிட்டர் மங்கிப்போயிருந்தாலும், போட்ட உடனே சூடாகாமல் எடுத்தாலும், கண்பாவை சுருங்கிய முதியவராக இருந்தாலும் விழித்திரையில் விழும் ஒளி குறையும். கண்பாவையின் அளவை மில்லிமீட்டரில் குறிக்காத அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

இரவு வெளிச்சம்

விழித்திரையில் கூம்பும் குச்சியும் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்பு செல்கள் இருப்பது 2002-இல் நிறுவப்பட்டது. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அவை அதிகம் மசியும். உருவம் பார்ப்பது அவற்றின் முதன்மை வேலை அல்ல. இரவா பகலா என்று உடலுக்குச் சொல்வது, மெலடோனினை அடக்குவது, விழிப்பைக் கூட்டுவது. இரவில் பளிச்சென்ற வெளிச்சத்தில் உட்கார்ந்தவருக்கு விழித்திருக்கும்போதே 5 முதல் 9 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளின் வலு குறையும். மங்கிய வெளிச்சத்தில் அது கூடும். இது நிமிடங்களில் அல்ல, மணிக்கணக்கில் தெரியும் மாற்றம். ஆகையால் காலையில் எடுத்த வெளிச்சப் பதிவையும் மாலையில் எடுத்த இருட்டுப் பதிவையும் அருகருகே வைத்துப் பேசக்கூடாது. ஒரே ஆள், ஒரே மணி, வேறு நாள், பாதிப்பேருக்கு வெளிச்சம் முதலில், பாதிப்பேருக்கு இருட்டு முதலில். காபியையும் அந்தந்த நாளில் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

எதை எடுப்பது, எதை எழுதிவைப்பது

குறைந்தபட்சம் நான்கு நிலைகள்: வெளிச்சம் கண் திறந்து, வெளிச்சம் கண் மூடி, இருட்டு கண் திறந்து, இருட்டு கண் மூடி. இருட்டின் இரண்டையும் முதல் 3 நிமிடத்துக்குள் ஒருமுறை, 25 நிமிடத்துக்குப் பின் மறுபடி. கண் திறந்த இருட்டு தொடக்கத்திலும் 25-இலும் ஒரே மாதிரி இருந்தால் விழித்திரை பழகியதற்கு உங்கள் ஆல்ஃபாவில் பங்கில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான், ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும். வலுவைக் கணக்கிட 4 விநாடித் துண்டுகள் எடுத்தால் கால் ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். ஒவ்வொருவரின் ஆல்ஃபா உச்சியையும் அவரவர் வேகத்தில் தேடுங்கள். எல்லாருக்கும் 8 முதல் 13 என்று வெட்டினால், 8-இல் ஆல்ஃபா ஓடும் முதியவரின் உச்சி பாதி தீட்டாவில் போய்ச் சேரும்.

பதிவுத் தாளில் மின்னழுத்த எண்களோடு இவையும் இருக்க வேண்டும்: விளக்கு அணைந்த மணி நிமிடம், இடையில் கதவு திறந்ததா, சிவப்பு விளக்கு எத்தனை விநாடி, கண்பாவை அளவு, வெயிலிலிருந்து வந்தாரா, முந்தைய இரவு எத்தனை மணி தூங்கினார், கண்ணில் சொட்டு மருந்து போட்டதா. டிராபிக்கமைடு 1 சதவீதம் போட்டிருந்தால் கண்பாவை விரிய 20 முதல் 30 நிமிடம், பழைய நிலைக்கு வர 4 முதல் 6 மணி நேரம். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்குக் கண் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

முடிந்ததும் மேல்விளக்கைத் தட்டிவிடாதீர்கள். முதலில் சிவப்பு, பிறகு கதவைச் சற்றே திறந்து வெளிச்சம், இரண்டு நிமிடம் கழித்து மேல்விளக்கு. கண்பாவைக்கு மருந்து போட்டவரைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அனுப்பக்கூடாது. வண்டி ஓட்ட வேறு ஆள் வந்திருக்கிறார்களா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.